பத்துப் பொத்தான்

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு என்று இருந்தது பத்தே பத்து வாக்கியம். அதில் ஒன்றுகூட எனக்கு ஆகிற வாக்கியம் இல்லை.

மனிதர் ஊமையாகப் பிறந்தவர் இல்லை. சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தபோது அவர் போடுகிற கூச்சலுக்கு லாரிக்காரர்களே ஒதுங்கி நிற்பார்களாம். அதே தொண்டையோடுதான் சாயங்காலம் வீட்டுக்கும் வருவார். ஒருநாள் குளியலறையில் விழுந்தார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சு போயிற்று. எழுத்தும் சேர்ந்து போயிற்று. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கோழி கிளறினதுபோல ஏதோ வரும். ஆனால் காது அப்படியே இருந்தது, புத்தி அப்படியே இருந்தது. நாம் சொல்வது அத்தனையும் புரியும். கோபத்துக்கும் ஒரு குறைவும் இல்லை, அது வெளியே வர வழிதான் இல்லாமல் போயிற்று.

வழி செய்து கொடுத்தது ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மாள். கிடங்கில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை இவர் முன்னாலேயே வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தார். அப்போதே அது கிழடு. பச்சை எழுத்துத் திரை, இரும்புப் பெட்டி, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதற்குள்ளே பேசுகிற அட்டை ஒன்றைச் செருகி, அதற்கு வேண்டிய புரோகிராமையும் ஏற்றிக் கொடுத்தாள். அந்தக் காலத்துக் கீபோர்டில் இடது ஓரமாக இரண்டு வரிசையில் பத்துப் பொத்தான் இருக்கும். பொத்தானுக்கு ஒரு வாக்கியம். அமுக்கினால் பெட்டி பேசும். இவருக்கு மிச்சமிருந்த கைக்கு அந்த ஓரம் தோதாக அமைந்துவிட்டது.

"என்னென்ன வேணும்னு சாரே சொல்லட்டும்" என்று அவள் ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தாள். பிடித்ததற்குத் தலையாட்டினார், பிடிக்காததற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'நன்றி' என்றாள், திருப்பினார். 'நல்லா இருக்கேன்' என்றாள், திருப்பினார். 'சாப்பிட்டியா?' என்றாள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பினார். கடைசியில் தேறியது இதுதான்: முதல் பொத்தானில் 'எங்க போன?', இரண்டாவதில் 'வா இங்க', மூன்றாவதில் 'தண்ணி', அப்புறம் 'இது என்ன சாப்பாடு', 'சத்தம் போடாத' என்று இறங்கிக்கொண்டே போய்ப் பத்தாவதில் 'போதும்'. நடுவில் 'உன்ன யாராவது கேட்டாங்களா?' என்று ஒன்று. அதற்குத் தலையாட்டும்போது பல் தெரியச் சிரித்தார். பயிற்சிக்காரியும் சிரித்தாள். பாவம், வேடிக்கை என்று நினைத்துவிட்டாள்.

முதல் பொத்தானின் மேலிருந்த எழுத்து முதல் வருஷத்திலேயே தேய்ந்துவிட்டது. துணி காயப்போட மாடிக்குப் போனால் 'எங்க போன?' எதிர்வீட்டில் ஒரு வார்த்தை பேசினால் 'எங்க போன?' குளிக்கப் போய்க் கதவைச் சாத்தினால், தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக்கொண்டு அந்த ஏற்ற இறக்கமில்லாத தகரக் குரல், 'எங்க போன? எங்க போன?' ஏன்யா, எங்கே போவேன் நான்? வாளிக்குள்ளேயா?

என் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று போன் வந்த நாளில் நான் செருப்பை மாட்டிவிட்டேன். எதிர்வீட்டு அம்மாளைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லியிருந்தேன். இவர் முதல் பொத்தானில் விரலை வைத்தவர் எடுக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் பயந்துபோய் எழுந்து போய்விட்டாள். வெளியூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டேன். அவன் காதிலும் அந்தச் சத்தம்தான் விழுந்தது.

"அப்பா வேணாங்கறார்லம்மா. அப்பா சொல்றதக் கேளு. நான் சாயங்காலம் வந்துடறேன், அப்புறம் போ" என்றான்.

சாயங்காலம் போனேன். அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு இவருக்கு இரண்டாவது தடவை லேசாக ஒரு அடி வந்தது. அது எதையும் பெரிதாகக் கொண்டுபோகவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போயிற்று. அன்றிலிருந்து முகத்தைப் பக்கவாட்டில் திருப்ப வராது, தலை மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும், தூங்கும்போதுதான் நிற்கும். புதிதாக வருகிறவர்கள், என்ன சொன்னாலும் சரி சரி என்கிறாரே, எவ்வளவு சாது என்று என்னிடமே சொல்வார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு டீ போடப் போவேன்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த பெட்டி போன மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் வாயைத் திறக்கவில்லை. கடகடவென்று உள்ளே ஏதோ உருண்டது, திரையில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். இவர் பொத்தானை அமுக்கினார், குத்தினார், கடைசியில் கீபோர்டை மேஜையில் அறைந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். வீட்டில் முதல் தடவையாகக் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

மகன் கண்ணாடிப் பலகைமாதிரி ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினான். அதில் ஒரு சின்னப் பெண் குழைந்து குழைந்து பேசினாள். இவர் விரலுக்குக் கண்ணாடியில் எது எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லை. இரண்டாம் நாளே சுவரில் அடித்து உடைத்தார். அப்புறம் ஸ்பூனால் கட்டில் கம்பியைத் தட்ட ஆரம்பித்தார். நான் வாயில் ஊட்டிய சாப்பாட்டை என் முகத்திலேயே துப்பினார். துடைத்துக்கொண்டு மறுபடி ஊட்டினேன். என் தலையெழுத்து.

இந்த நேரத்தில்தான் அக்கா கூப்பிட்டாள். எனக்கென்று மிச்சமிருக்கிறவள் அவள் ஒருத்திதான். தனிக்கட்டை.

"மார்ல கட்டிடி. எடுத்துடணும்னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க. வந்து ஒரு பத்து நாள் பக்கத்துல இருடி. எனக்குப் பயமா இருக்கு."

என் அக்கா பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "வரேன்க்கா. வந்தே தீருவேன்" என்றேன்.

மகனைக் கூப்பிட்டேன். பத்து நாள் லீவு போட்டு வந்து அப்பாவைப் பார்த்துக்கொள் என்றேன். அவன் கெட்டவன் இல்லை. அப்பா என்றால் அவனுக்கு இன்னும் பத்து வயசு, அவ்வளவுதான்.

"அப்பாவுக்குப் பிடிக்காம நான் வந்து உக்காந்தா அவர் சாப்பிடக்கூட மாட்டார்மா. உனக்குத் தெரியாதா? அவர் வாயால சரின்னு ஒரு வார்த்தை வரட்டும். அன்னிக்கே கிளம்பி வரேன்."

"அவருக்கு வாய் எங்கடா இருக்கு? அதான் செத்துக் கிடக்கே!"

"அப்ப அத சரி பண்ணுவோம்."

ஆக, அந்தப் பெட்டி பேசாமல் நான் வாசற்படி தாண்ட முடியாது. எந்தக் குரலுக்குச் சமாதி கட்டலாம் என்றிருந்தேனோ, அதற்கே உயிர் கொடுக்க அலைந்தேன். வேடிக்கைதான்.

மகன் விசாரித்து ஒரு ஆளை அனுப்பினான். பழைய கம்ப்யூட்டர் என்றால் உயிரை விடுகிற ஆள். ஊரில் எல்லோரும் அவனை பிளாப்பி என்றுதான் கூப்பிடுவார்களாம். வந்தவன் கட்டிலில் கிடந்த மனிதரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பெட்டியிடம் போய் அதன் முதுகைத் தடவினான்.

"அம்மா, இது தங்கம்மா! இதெல்லாம் இப்ப கண்ணால பாக்க முடியாது. தூசிய மட்டும் துடைக்காம விட்டிருக்கீங்க."

"ஆமாம்ப்பா, எனக்கு வேற வேலையே இல்ல பாரு" என்றேன்.

பெட்டியைத் திறந்து காதை வைத்துக் கேட்டான். உதட்டைப் பிதுக்கினான். ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது, அதிலிருந்தது எல்லாம் போய்விட்டது, பேசுகிற அட்டை மட்டும் நன்றாக இருக்கிறது என்றான். அந்தப் புரோகிராம் செய்த கம்பெனியே இப்போது இல்லை. ஆனாலும் எங்கேயோ யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பத்திரப்படுத்தி இன்டர்நெட்டில் போட்டு வைத்திருந்தானாம். பிளாப்பி தன் போனிலேயே அதை இறக்கிக் காட்டினான்.

"இவ்வளவுதாம்மா. உங்க பையன் அனுப்பற குட்மார்னிங் போட்டோகூட இதவிடப் பெருசு. இறக்கறது ஒரு வேலையே இல்ல. இந்தக் கிழத்துக்குள்ள ஏத்தறதுதான் வேலை."

கட்டிலில் இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தன்னைத்தான் கிழம் என்கிறான் என்று நினைத்துவிட்டார் போல. நான் விளக்கப் போகவில்லை.

இந்தப் பெட்டிக்கு இன்டர்நெட்டும் தெரியாது, நாம் செருகுகிற எந்தக் குச்சியும் தெரியாது. சதுர அட்டைமாதிரி இருக்கிற பழைய பிளாப்பி டிஸ்க் ஒன்றுதான் அதற்கு வாய். பிளாப்பியின் வீட்டில் கொஞ்சம் புது மிஷின் ஒன்று இருந்தது, அதில் இன்டர்நெட்டும் உண்டு, பிளாப்பி டிரைவும் உண்டு. அதில் டிஸ்க்கை எழுதிக்கொண்டு வருகிறேன் என்றான். புது டிஸ்க் எங்கே கிடைக்கிறது என்று சொல்லி, எங்கள் அலமாரியில் கிடந்த கிடங்குக் கணக்கு டிஸ்க்குகளையே எடுத்துக்கொண்டு போனான். சிக்கனக்காரன்.

மறுநாள் வந்து செருகினான். பெட்டி உறுமியது, சிவப்பு விளக்கு எரிந்தது. படிக்க முடியவில்லை, விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா என்று திரை கேட்டது. மறுபடி, மறுபடி என்று அடித்துக்கொண்டே இருந்தான். அதுவும் மாட்டேன், மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. வேறு டிஸ்க்கில் எழுதிக்கொண்டு வந்தான். அதுவும் அப்படியே. பஞ்சால் டிரைவைத் துடைத்தான், ஒயரை மாற்றினான், பெட்டியைத் தலைகீழாகக்கூட வைத்துப் பார்த்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒன்றும் புலப்படவில்லை. "என் மிஷின்ல ஜோராப் படிக்குதும்மா!" என்று என்னிடமே சண்டைக்கு வந்தான்.

ஒவ்வொரு தடவை செருகும்போதும் இவர் இடது கை காற்றில் எழும்பும். விளக்கு அணைந்ததும் போர்வைமேல் விழும். நானும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவருக்காக இல்லை. அக்காவின் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் பிளாப்பி டீயைக் கையில் வைத்துக்கொண்டே திடீரென்று தலையில் அடித்துக்கொண்டான்.

"அட மடையா! அம்மா, தப்பு என்மேலதான். இந்த டிஸ்க்கெல்லாம் இந்தக் கிழம் எழுதினது. இதோட தலை அகலம். என் மிஷினோட தலை சன்னம். அகலமா சாக்பீஸால எழுதின போர்டுல, நடுவால மெல்லிசா ஒரு கோடு மட்டும் அழிச்சு அதுல புதுசா எழுதின மாதிரி ஆயிடுச்சு. எனக்கு நடுவுல இருக்கறது மட்டும்தான் தெரியுது. இதுக்கு ஓரத்துல மிச்சமிருக்கற பழசும் சேந்து தெரியுது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்குது."

"அப்ப என்ன செய்யணும்?"

"பழச சுத்தமா அழிக்கணும். துளி மிச்சமில்லாம. காந்தம் இருக்கா? பெருசா?"

பரணில் உடைந்த ஸ்பீக்கர் ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கத்தை உடைத்துக் கருப்பு வளையமாக ஒரு காந்தத்தை எடுத்தான். டிஸ்க்கின்மேல் வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தான், திருப்பிப் போட்டுத் தேய்த்தான். "அவ்வளவுதாம்மா. இதுல என்ன இருந்துச்சுன்னு இனி ஆண்டவனுக்கே தெரியாது" என்றான். நான் அந்தக் காந்தத்தை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். நல்ல கனம்.

அடுத்த நாள் செருகியபோது பெட்டி உறுமிவிட்டு, நின்று, யோசித்து, "ரெடி" என்றது.

அதே தகரக் குரல். இத்தனை நாள் கழித்துக் கேட்டதும் என் கால் தானாகக் கட்டில் பக்கம் ஒரு அடி வைத்துவிட்டது. இவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கன்றுக்குட்டி கத்தினதுபோல. இடது கை பாய்ந்து போய் முதல் பொத்தானை அமுக்கியது. 'பீப்' என்றது பெட்டி. மறுபடி அமுக்கினார், 'பீப்.' எல்லாப் பொத்தானையும் அமுக்கினார், எல்லாம் பீப்.

"அதெல்லாம் பழைய ஹார்ட் டிஸ்க்கோட போச்சுங்களே" என்றான் பிளாப்பி. "இறக்கினது வெறும் பாத்திரம்தாம்மா. உள்ள என்ன ஊத்தணுமோ நாமதான் ஊத்தணும். சாரக் கேட்டு ஒவ்வொண்ணா அடிச்சு ஏத்தணும்."

"நான் அடிக்கறேன். கல்யாணத்துக்கு முன்னால டைப்பிஸ்டா இருந்தவதான் நான்."

கல்யாணம் ஆன மாசமே, ஒரு சம்பளம் போதும் என்று இவர் சொல்லிவிட்டார். அது இருக்கட்டும். கீபோர்டை என் மடியில் வாங்கிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் என் நினைப்பில் இருந்தது ஒரே ஒரு வார்த்தைதான். பழையதையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு, ஏதாவது ஒரு பொத்தானில் 'சரி' என்று வைத்துவிட்டால் போதும், மகன் வந்துவிடுவான், நான் போய்விட்டு வந்துவிடலாம். அப்படித்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத்து தேய்ந்து வழவழவென்று கிடந்த அந்த முதல் பொத்தானில் என் விரல் பட்டது. என் அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கவிடாத பொத்தான். எனக்குள்ளே ஏதோ ஒன்று நிதானமாக எழுந்து உட்கார்ந்தது.

"ஏங்க" என்றேன், ரொம்ப மரியாதையாக. "மொதப் பொத்தான்ல 'போயிட்டு வா'ன்னு வெக்கட்டுமா?"

அவர் கண் என்னைப் பார்த்தது. தலை மேலும் கீழும் ஆடியது.

"சார் ஓகே சொல்லிட்டார்" என்றான் பிளாப்பி, டிரைவுக்கு ஸ்க்ரூ மாட்டிக்கொண்டே.

அடித்தேன். ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். உச்சரிப்பு சரியாக வருகிறதா என்று போட்டுப் பார்த்தேன். "போயிட்டு வா" என்றது பெட்டி. இவர் உடம்பு முழுக்க ஒரு உதறல் உதறியது.

"ரெண்டாவதுல 'உன் இஷ்டம்'னு இருக்கட்டுமா?"

தலை ஆடியது.

"மூணாவதுல?" என்று நிறுத்தினேன். தண்ணீருக்கு உண்டான பொத்தான் அது. அதை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து இவர் இடது கையை நீட்டி என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். பிளாப்பிக்கு அந்தப் பக்கம் முதுகு. நான் சத்தம் போடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, கையைப் போர்வைக்குள்ளே செருகினேன். "மூணாவதுல 'எனக்கு ஒண்ணும் வேணாம்'. சரிங்களா?"

தலை ஆடியது.

நாலாவதில் 'சாப்பாடு நல்லா இருக்கு'. 'சத்தம் போடாத' இருந்த இடத்தில் 'நீ பாடு'. அப்புறம் 'வாங்க, உக்காருங்க'. 'உன்ன யாராவது கேட்டாங்களா' இருந்த இடத்தில் 'நீ சொன்னா சரி'. மகனைக் கூப்பிடச் சொல்லி முன்பு ஒன்று இருந்த ஒன்பதாவதில் 'எல்லாம் அம்மாகிட்ட கேளு'. ஒவ்வொன்றுக்கும் கேட்டேன், ஒவ்வொன்றுக்கும் ஆடியது. பத்தாவதுக்கு வந்தபோது அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. 'போதும்' இருந்த இடம் அது. "'தப்பு என்னோடதுதான்'னு வெக்கறேங்க" என்றேன். அதற்குச் சரியா என்று நான் கேட்கவில்லை.

"எவ்வளவு நல்ல மனுஷன்மா!" என்றான் பிளாப்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாருங்க, அழறார். என் வீட்டுக்காரி இதக் கேக்கணும்."

போகும்போது இன்னொரு டிஸ்க்கைக் கையில் கொடுத்தான். வாக்கியத்தை மாற்றுகிற புரோகிராம் அதில் மட்டும்தான் இருக்கிறது, என்றைக்காவது மாற்ற வேண்டியிருந்தால் தேவைப்படும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றான். அவன் படியிறங்குகிற சத்தம் ஓய்ந்ததும் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் பார்க்கும்படியாக மடியில் அந்த டிஸ்க்கை வைத்தேன். காந்தத்தை எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். திருப்பிப் போட்டுத் தேய்த்தேன். துளி மிச்சமில்லாமல்.

இரண்டு நாள் அவர் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. ரோஷக்காரர். சனிக்கிழமை மகன் வந்தான். வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அப்பா விழுந்த பிறகு அவன் இங்கே தங்கினதே இல்லை, எந்தப் பொத்தானில் எது என்றெல்லாம் அவனுக்குத் தெரியாது. அவன் கேட்டதெல்லாம் போனில் கேட்ட சத்தம்தான்.

"அப்பா, எப்படிப்பா இருக்கீங்க?"

இவருக்கு அவனைப் பார்த்ததும் எங்கிருந்துதான் வேகம் வந்ததோ. பத்தாவதைக் குத்தினார். "தப்பு என்னோடதுதான்" என்றது பெட்டி. மகன் ஆடிப்போய்விட்டான். இவர் இல்லை இல்லை என்று கையை உதறிவிட்டு ஏழாவதைக் குத்தினார். "நீ சொன்னா சரி." ஒன்பதாவது. "எல்லாம் அம்மாகிட்ட கேளு." மறுபடி பத்தாவது, மறுபடி, மறுபடி. "தப்பு என்னோடதுதான். தப்பு என்னோடதுதான்."

"அப்பா! போதும்ப்பா, போதும்" என்று மகன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். "ஏம்மா, இதெல்லாம் யாரு வெச்சது?"

"வேற யாரு? அவருதான். ஒவ்வொண்ணாக் கேட்டேன், தலையாட்டினார். நம்பலன்னா பிளாப்பியக் கேளு."

கேட்டான். பிளாப்பி போனில் சத்தியம் செய்தான், சார் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார் என்று.

அப்புறம் மகனே ஆரம்பித்தான். "அப்பா, பெரியம்மாவுக்கு ஆபரேஷன். அம்மா போய்ப் பத்து நாள் இருந்துட்டு வரட்டுமா? நான் உங்ககூட இருக்கேன்."

இவர் கையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். புத்தி பழுதில்லை என்று சொன்னேனே. எந்தப் பொத்தானைத் தொட்டாலும் தன்னையே காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்துவிட்டது. பத்துப் பொத்தானில் ஒன்றில்கூட ஒரு 'இல்ல' கிடையாது. கையால் பேசாமல் இருக்கலாம், தலையை என்ன செய்வது? அது பாட்டுக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

"சரிங்கறார்மா" என்றான் மகன்.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சாப்பாட்டு வேளை, மருந்து வேளை எல்லாம் மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். தண்ணீரை ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும், அவசரப்பட்டால் புரையேறிவிடும் என்றும் சொன்னேன். அவன் முகத்தில் பயம் தெரிந்தது. செருப்பை மாட்டினேன். அந்தச் சத்தம் இவர் காதுக்குப் போயிற்று. இத்தனை வருஷப் பழக்கம் விடுமா? நெஞ்சில் வைத்திருந்த கை தானாகப் பாய்ந்து முதல் பொத்தானில் விழுந்தது.

"போயிட்டு வா."

அவர் வெறிபிடித்ததுபோல மறுபடி அமுக்கினார். "போயிட்டு வா. போயிட்டு வா. போயிட்டு வா."

"பாரும்மா!" என்றான் மகன். "எவ்வளவு ஆசையா அனுப்பறார் பாரு. பிரிய மனசில்லாம அழறார், ஆனாலும் போன்னுதான் சொல்றார். திரும்பி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

திரும்பினேன். கண்கள் பிதுங்கி, உதடு கோணி, அந்த மனிதர் என்னைக் கொன்றுவிடுவதுபோலப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கேட்டே பழகிய குரலை முகத்துக்கு நேராக நின்று கேட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வாசலில் இந்த வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"வரேங்க" என்றேன். படியிறங்கித் தெருமுனை திரும்புகிறவரைக்கும் அது கேட்டுக்கொண்டே இருந்தது.

அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கையைத் தூக்க முடியவில்லை, வலிதான். மூன்றாம் நாள் அவளைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, சிக்கெடுத்துத் தலை வாரிக்கொண்டிருந்தேன். மகன் கூப்பிட்டான்.

"அம்மா, அப்பா ஒரு தொந்தரவும் பண்ணலம்மா. உன்னத்தான் தேடறார்னு நினைக்கறேன். அப்பப்ப அழறார். உதடெல்லாம் காஞ்சு வெடிச்சிருக்கு. தண்ணி குடுக்கட்டுமாப்பான்னு கேட்டா தலையாட்டறார், ஆனா அந்தப் பக்கத்துல ஒரு பொத்தான் இருக்குல்ல, அதையே அமுக்கறார். 'எனக்கு ஒண்ணும் வேணாம்'ங்கறார். நேத்தெல்லாம் அதையேதான் சொல்லிட்டிருந்தார். எனக்கும் புரையேறிடுமோன்னு பயம், அதான் கட்டாயப்படுத்தல. குடுக்கட்டுமா, வேணாமா?"

மூன்றாவது பொத்தான். புத்தி நன்றாகத்தான் இருக்கிறது அவருக்கு. அது என்ன சொல்லும் என்று தெரிந்தும், தண்ணீர் இருந்த இடத்தைத்தான் விரல் தேடிப் போயிருக்கிறது. மகனுக்குப் புரிந்துவிடாதா என்று அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

எனக்கு இரக்கம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். பின்னாலேயே அம்மா போன நாள் வந்து நின்றது: காலில் செருப்பு, கையில் போன், உள்ளே தகரக் குரல்.

"யாருடி?" என்றாள் அக்கா.

"பையன்க்கா."

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அப்பா சொல்றதக் கேளுப்பா" என்றேன்.

போனை வைத்துவிட்டு, அக்காவின் தலைமயிரை மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தேன்.